கட்டண பட்டியல்

கோலா கெட்டிலில் டயர் கடைக்கு மேலே என் அறை.
கீழே லிம்மின் சுவரில் சிவப்புப் பெயிண்ட்:
மோட்டார் சைக்கிள் பஞ்சர் எட்டு வெள்ளி,
கார் பன்னிரண்டு, லோரி என்றால் கேட்டுக்கொள்ளவும்.
ஒன்பது வருடமாக அந்தச் சுவரைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன்.

என்னிடம் "எவ்வளவு?" என்றால்
"பார்த்துக் கொடுங்க" என்பேன்.
பார்த்தார்கள். கொடுத்தார்கள்.
அலமாரியில் பதினோரு பொன்னாடை.
கும்பாபிஷேக மலர், நூற்று நாற்பது பக்கம்,
ஒரு பொன்னாடை.
கூட்டுறவுச் சங்க ஆண்டறிக்கை,
ஒரு பொன்னாடை, ஒரு டப்பா முறுக்கு.
வாடகையாக லிம் ஜரிகை வாங்குவதில்லை.

சொல்லுக்குப் பத்துக் காசு என்று
ஒரு முறை கணக்குப் போட்டேன்.
தமிழ் என்னைக் கவிழ்த்துவிட்டது.
வரவேண்டியிருந்தவர்களுக்காகவும்:
மலாயில் ஏழு சொல், எழுபது காசு.
தமிழில் ஒன்று.
பிரித்துப் பிரித்து எழுதலாம்தான்.
அது பாலில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

பக்கத்துக்கு இவ்வளவு என்றேன்.
காண்ட்ராக்டர் சிங்காரவடிவேலு
தன் வாழ்க்கை வரலாற்றை
எட்டுப் புள்ளி எழுத்தில், ஓரமே விடாமல்,
முப்பது பக்கத்தில் அடைத்துக்கொண்டு வந்தார்.

மணிக்கு இவ்வளவு என்றேன்.
"ஒரு வரிக்கு ஒரு மணி நேரமா?"
ஆமாம் ஐயா. அந்த வரியில்
உங்கள் முதல் மனைவி எழுபத்து நான்கில் இறந்து
எழுபத்தாறில் பாயசம் வைக்கிறார்.
"நான் எழுதியதைக் குறைத்துத்தானே தந்திருக்கிறாய்,
அதற்குக் காசா?"

தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கு
வெட்டியதை எண்ணித்தான் சம்பளம்.
நான் வெட்டியதை
எந்தத் தராசில் ஏற்றுவது?

நேற்று மழைக்கு முன்னால் லிம் ஒரு ட்யூபைத்
தண்ணீர்த் தொட்டியில் அமுக்கித் திருப்பினார்.
திருப்பினார். பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு
மறுபடியும் திருப்பினார்.
ஒரு குமிழி.
ஒட்ட ஒரு நிமிடம். எட்டு வெள்ளி.
கொடுத்தவன் முகம் சுளிக்கவில்லை.

அன்றிரவே உட்கார்ந்தேன்.
பிழைத் திருத்தம், பக்கம் ஐந்து வெள்ளி.
எழுதும்போது கை கூசியது;
கூசியதற்காகவே அடித்து ஆறாக்கினேன்.
செம்மையாக்கம் பதினைந்து.
திருமண அழைப்பிதழ் நாற்பது,
மாப்பிள்ளை மாறினால் மறுபடியும் நாற்பது.
மரண அறிவிப்பு என்று எழுதி
பக்கத்தில் ஒன்றும் எழுதாமல்
தே ஓ குடிக்கப் போய்விட்டேன்.
திரும்பி வந்து இருபது என்று போட்டேன்.
மின்சார பில் துக்கம் விசாரிப்பதில்லை.
பாதி முன்பணம்.
பொன்னாடை ஏற்பதில்லை.

காலையில் படிக்கட்டு முனையில் ஒட்டினேன்.
லோரிக்கு டயர் மாற்றக் காத்திருந்த ஒருவர்,
சட்டையெல்லாம் எண்ணெய்க் கறை,
கையில் ரொட்டி சானாய்ப் பொட்டலம்,
மேலிருந்து கீழாக, உதடு அசைய வாசித்தார்.
பேரத்துக்குத் தயாராக நின்றேன்.
மாப்பிள்ளை வரியில் சிரித்தார்.
பிறகு மறுபடியும் மேலே போனார்.

"அக்கா, தலைப்புல ஒரு ப் இல்லியே."

கட்டண பட்டியல்.
கட்டணப் பட்டியல்.
இரவு முழுக்கத் தொகையையே பார்த்திருக்கிறேன்.

பர்ஸை எடுத்தேன். "எவ்வளவு தரணும்?"
அவர் கூச்சப்பட்டு, செருப்பைப் பார்த்து,
"பார்த்துக் கொடுங்கக்கா" என்றார்.

"அப்படிச் சொல்லாதீங்க!"
கிட்டத்தட்டக் கத்திவிட்டேன்.
லிம் ஸ்பேனரோடு நிமிர்ந்து பார்த்தார்.