கடைக்கணு

மின்சாரம் நான்கு மணி நேரம் வரும்,
நான்கு மணி நேரம் போகும்.
ரங்கூனில் இப்போது இதுதான் நாழிகைக் கணக்கு.

பசுண்டாங் ஓடைக்கரை அரிசி ஆலை.
உமி எரியும் உலையை முழுசாய் வரைந்தேன்,
கதவு, வளைவு, புகைபோக்கியின் வாய் வரைக்கும்.
லட்சம் துணுக்காய் உடைத்து ஓடவிட்டேன்.
எழுபது சதவீதத்தில் விளக்கு அணைந்தது.
என் மடிக்கணினியின் பேட்டரிக்கு
அவ்வளவு மூச்சு இல்லை.

சரி, சுவர் மட்டும் போதும்.
சுவரிலும் ஒரே ஒரு கோடு.
இந்தப் பக்கம் நெருப்பு, அந்தப் பக்கம் ஆள் நிற்கும் இடம்,
நடுவே நாற்பத்தாறு சென்டிமீட்டர் செங்கல்.
நாற்பது துண்டு, நாற்பத்தொரு கணு.
தேநீர் ஆறுவதற்குள் விடை.

விடை வரவில்லை.
தீர்க்க முடியாத அணி என்று
சிவப்பில் எழுதிவிட்டு நின்றது.
முனைகளுக்கு நான் ஒன்றுமே சொல்லவில்லை.
சொல்லாத கோடு எந்தச் சூட்டிலும்
நீட்டிப் படுக்கத் தயார்:
பூஜ்யமும் சரி, ஆயிரமும் சரி.
எதற்கும் சரி என்பவரிடம்
என்ன கேட்டு என்ன?

உள்முனைக்கு எண்ணூற்றைம்பது டிகிரி.
ஆணியடித்தாயிற்று.
வெளிமுனைக்கு எண் தரக்கூடாது,
கேட்பதே அதைத்தானே.
காற்று எவ்வளவு வாங்கிக்கொள்ளும் என்று சொல்லலாம்:
சதுர மீட்டருக்கு, டிகிரிக்கு, பத்து வாட்.
அதைக் கணு நாற்பத்தொன்றில் கட்டினேன்.

கோடு ஒழுங்காய்ச் சரிந்து வந்து
கடைசிச் சென்டிமீட்டரில்
படுத்துக்கொண்டது.

பாதி இரவு போயிற்று காரணம் தேடி.
மென்பொருள் எண் போடும் வழக்கம் வேறு.
முனைகள் இரண்டுக்கும் முதல் மரியாதை: ஒன்று, இரண்டு.
நடுவில் இருப்பவை பிறகு, மூன்றிலிருந்து.
கோடியில் நிற்பது இரண்டு.
நாற்பத்தொன்று அதற்கு அடுத்த வீடு.

எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.
வீட்டில் கோமளவல்லி,
பதிவேட்டில் மா கின் மியா.
ஆஸ்பத்திரியில் எதைக் கூப்பிட்டாலும்
பெஞ்சிலிருந்து எழுவது நான் ஒருத்திதான்.
கணுவையும் எண்ணைச் சொல்லி அழைக்காமல்
நாற்பத்தாறாம் சென்டிமீட்டரில் யார் என்று
கேட்டிருக்கலாம்.

திருத்தினேன். வெளிச்சுவர் அறுபத்தாறு டிகிரி.

ஆலையில் மானியை வைத்தபோது எண்பது.
தள்ளி வைத்தேன். எண்பத்தொன்று.
செங்கல் விற்றவன் ஏமாற்றிவிட்டானா,
துண்டுகளை இன்னும் பொடியாக்குவதா என்று நிற்கையில்
உலைக்காரர் கோ ஆவுங் துரா
"கொஞ்சம் தள்ளம்மா" என்று வந்து
நான் ஒதுக்கிவிட்ட கைலியை
மறுபடி ஆணியில் மாட்டினார்.

அப்போதுதான் சுவரைப் பார்த்தேன்.
மழைக்காலம்.
பதினாலு பேர் கைலி,
கட்டம், கரும்பச்சை, ஒன்றில் தையல் போட்ட கிழிசல்.
ஈரமாய் வருகிறது, காய்கிறது,
அடுத்த ஷிஃப்ட் வரை அங்கேயே கிடக்கிறது.
சுவர் போர்த்திக்கொண்டு நின்றிருக்க
நான் காற்றோடு பேரம் பேசியிருக்கிறேன்.

பத்தை ஏழாக்கினேன். எண்பது வந்தது.
எந்த அட்டவணையிலும் அந்த ஏழு கிடையாது.

எல்லைகளுக்குப் பெயர் கேட்டது மென்பொருள்.
உள்ளே: உமி.
வெளியே: கைலி.
மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொண்டது.
சேமித்த கையோடு விளக்கு போக,
தெருவில் ஜெனரேட்டர்கள்
ஒவ்வொன்றாய் இருமத் தொடங்கின.

முதலாளி அறிக்கையில் கேட்டது ஒன்றே:
"துணிகளை எடுக்கச் சொல்லிவிடவா?"
மழை விடட்டும் என்றேன்.
மழை என்றைக்கு விடும் என்பது
நேரத்தோடு மாறும் எல்லை.
அதற்கு இன்னொரு நான்கு மணி நேரம் வேண்டும்.