விலாசம் மட்டும்

போட்ஸ்ஃபியூர் துறைமுகத்தில்
சூரியன் விடுப்பில் போய் ஏழு வாரம்.
எடைமேடையில் அஸ்லாக்கின் மீன்பெட்டி,
அதில் ஒட்டும் சீட்டிலோ ஓட்வாரின் படகு.
சில சமயம் பாதிப் பெயர்,
மீதிக்குப் பல்லிளிக்கும் குறிகள்.

"நானூறு கிலோ காட் நான் பிடித்தது.
பணம் அவனுக்கா?"
கையுறையைக் கழற்றாமலே மேசையைத் தட்டினான்.
என் மேசையில் சரியாகத்தான் ஓடியது என்றேன்.
"உன் மேசையில் மீன் இல்லையே."

இரவு.
இங்கே எப்போதும் அதுதான்.
செயற்கூறின் வாசலில்
நானே எழுதிவைத்த வாக்கு:
எழுத்து இருக்கும் விலாசம் திருப்பித் தரப்படும்.
வகைப் பெயரை ஒட்டி ஒற்றை நட்சத்திரம்.
வாக்குத் தவறவில்லை நான்.
உள்ளே இருபது எழுத்துக்கு ஒரு வரிசை போட்டு
பெயரை அதில் பக்குவமாய் அடுக்கி
விலாசத்தைக் கையில் கொடுத்துவிட்டு
கதவைச் சாத்தும்போதே
வீட்டையும் காலி செய்திருக்கிறேன்.

அடுத்து வந்த செயற்கூறு
அங்கேயே சாமான் இறக்கியிருக்கிறது.
சுட்டி மட்டும் விரலை மடக்காமல்
அது, அது, அதோ.

கம்பைலர் சொல்லியிருந்தது,
நூற்றுப் பதினேழு எச்சரிக்கைகளுக்கு நடுவே
தொண்ணூறாவதாக.

வரிசையை ஸ்டாட்டிக் ஆக்கினேன்.
இனி வீடு காலியாகாது.
ஆனால் இருப்பது ஒரே வீடு.
இரண்டு படகும் ஒன்றாய்க் கரை சேர்ந்த அன்று
இரண்டு சுட்டியும் ஒரே கதவைத் தட்ட,
இரண்டு சீட்டிலும் பிந்தி வந்தவன் பெயர்.
ஓட்வார் சிரித்தான்.
பிந்தி வந்தவன் அவன்தான்.

வேலை முடிந்து படகுத்துறையில் நின்றேன்,
காட் நாக்கு கிடைக்குமா என்று.
என் வெறுங்கையைப் பார்த்தான் அஸ்லாக்.
"எதில் போட?
என் பெட்டி என் படகோடு போய்விடும்.
வாளி கொண்டு வா."

வாளி எடுக்கப் போனவள்
கோட்டைக் கழற்றாமலே விசைப்பலகையில் உட்கார்ந்தேன்.
கூப்பிடுகிறவரே இடம் கொண்டு வரட்டும்,
எத்தனை எழுத்துக் கொள்ளும் என்றும் சொல்லட்டும்,
நான் நிரப்புகிறேன்.
வாசலில் இருந்த நட்சத்திரத்தை அழித்தேன்.
திருப்பித் தர ஒன்றுமில்லை,
வாய்ட்.

மறுபடி போனபோது கரையில் பனி கட்டியிருந்தது.
திட்டிக்கொண்டே வாளியை நிறைத்தான்,
எடை போடவில்லை.