வாகன எண்

பொழிச்சலூரில் எங்கள் மொட்டைமாடி
ஓடுபாதையின் மேற்கு நுனிக்குக் கொஞ்சம் இப்பால்.
காற்று கடலிலிருந்து வரும் மாதங்களில்
விமானங்கள் எங்கள் கொடிக்கயிற்றைத் தாண்டித்தான் இறங்கும்.
ஐப்பசியில் துணி காயாது.
நோட்டு நிறையும்.

சிவனடியாருக்கு ஐந்தெழுத்து.
எனக்கும் ஐந்துதான்:
வி, டி, அப்புறம் ஒரு மூன்று.
இறக்கையின் அடியில் எழுதியிருப்பார்கள்.
அண்ணாந்து வாசித்து
தேதி, நேரம், வருகையா புறப்பாடா
என்று கோடு போட்ட கட்டத்தில் எழுதுவேன்.
பெண் பார்க்க வந்த அன்றும்
காபித் தட்டோடு மாடிக்கு ஓடினேனாம்,
அம்மா இன்னும் சொல்கிறாள்.
வந்தது ஏர்பஸ் முன்னூறு.
போனது மாப்பிள்ளை.

இரண்டாயிரத்துப் பதினைந்து டிசம்பரில்
அடையாறு கதவைத் தட்டிவிட்டு வரவில்லை.
கீழ்வீட்டு பீரோவில் ஏழு நோட்டுகள்.
காயவைத்துப் பிரித்தபோது
தொண்ணூற்றிரண்டு முழுக்க நீலமாய்க் கரைந்திருந்தது.
ஒரே ஒரு ஆவ்ரோ,
அதற்கு நான்கு எழுத்து பிழைத்திருந்தது.
ஐந்தாவது
சி-யா, ஜி-யா?

பல்லிடுக்கில் மாங்காய் நார் போல
அது இத்தனை வருடம் கிடந்தது.

குரோம்பேட்டையில் டயாலிசிஸ் நைட் ஷிஃப்ட் முடித்து
நேரே செங்கல்பட்டு பஸ் ஏறினேன்.
(ராத்திரியெல்லாம்
பிறர் ரத்தம் போய்த் திரும்பும் நேரத்தை
குறித்துக்கொண்டிருப்பவள் நான்.
இது தொழில், அது பைத்தியம் என்பார்கள்.)
தாம்பரம் தாண்டி, சர்வீஸ் ரோட்டோரம்
விமான அருங்காட்சியகம்.
டிக்கெட் ஐம்பது. கேமராவுக்குத் தனி.

மிக் விமானத்தின் மூக்கடியில் பள்ளிப் பிள்ளைகள்.
"இது ஓடுமா மிஸ்?"
"பறக்குமான்னு கேளு."
பையன் கேட்கவில்லை,
டயரில் காற்று இல்லாததைப் பார்த்துவிட்டான்.

ஆவ்ரோ கொட்டகையின் கடைசியில்.
எதிரே நின்று முதலில் கண்ணை மூடினேன்.
எனக்கு அது காதில்தான் அறிமுகம்:
இறங்க மனமில்லாத குக்கர் விசில் ஒன்று
அனகாபுத்தூரில் தொடங்கி
எங்கள் தண்ணீர்த்தொட்டி வரை வந்து அதிரும்.
இப்போது ஒரு மின்விசிறி கடகடத்தது.
பெட்ரோல் வாசனை இல்லை. பினாயில்.

குனிந்து அடியில் போனேன்.
புது வெள்ளை.
நன்றாக, இரண்டு கோட்டிங்,
எழுத்தின் மேலேயே.

"கயித்துக்கு இந்தப் பக்கம் வாங்கக்கா"
என்றார் காவலாளி எபனேசர்.
"நம்பர் பார்க்கணும்."
"எந்த நம்பர்?"
சொன்னேன். மாடி, நோட்டு, வெள்ளம், எல்லாம்.
தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.
"மேல கேலரி பூட்டிருக்கு. லைட் இல்ல.
அஞ்சு நிமிஷம்தான்."

இரும்புப் படி. தூசி. புறா.
கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தேன்.

முப்பது வருடமாக வயிற்றை மட்டும் பார்த்தவளுக்கு
ஒரு முதுகு.
ஒட்டுப்போட்ட தகடு, வரிசை வரிசையாய் ஆணித்தலை,
யாரோ மறந்த ஒற்றைச் செருப்பு,
'இங்கே மிதிக்காதே' என்று சிவப்பில் எழுதிய இடத்தில்
எச்சம்.
மேலிருந்து பார்த்தால் எவ்வளவு சின்னது.
வயதான யாரையோ
குளியலறையில் தெரியாமல் பார்த்துவிட்ட கூச்சம் வந்தது.
இறங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

மேல்பக்கத்துக்கு வெள்ளையடிக்க
யாருக்கும் தோன்றவில்லை.
வலது இறக்கையில், மங்கி, ஆளுயரத்துக்கு
ஐந்தெழுத்து.
கடைசியில் வளைந்தது
உள்ளே ஒரு சின்ன நாக்கை மடித்திருந்தது.

ஜி.

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல.
புறா பறந்தது.

வாசலில் எபனேசர் பதிவேட்டை நீட்டினார்.
"உள்ள வரும்போதே எழுதிருக்கணும், மறந்துட்டேன்."
கோடு போட்ட கட்டங்கள்.
பெயர்: மங்கையர்க்கரசி. ஊர்: பொழிச்சலூர்.
வந்த நேரம், போகும் நேரம்.
அடுத்த கட்டத்தை கை தானாக நிரப்பியது.

அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார்.
நிமிர்ந்தார்.
"வாகன எண்ணுக்கா இது?
இதுலயா வந்தீங்க?"

அடிக்க ரப்பர் இல்லை. பேனாவில் எழுதியது.
"பஸ்ஸுலதான்" என்றேன்.
அவர் அதை அப்படியே விட்டு
அடுத்த வரிக்குக் கோடு போட்டார்.