உள்குத்தகை

மூன்றாம் மாடியிலிருந்து படியிறங்கி வந்தது
ஒரு பிளாஸ்டிக் டப்பா.
மூடியில் நீல மையில்:
உல்கான், 41, நாரின் மாவட்டம்.
வலது நுரையீரல், கீழ் மடல்.
உள்ளே ஃபார்மலினில்
அவித்த முட்டையின் உள்தோல்போலச் சுருண்டு
ஒரு வெள்ளைச் சவ்வு.
அதன் ஓரத்தில் மட்டும்
அடிப்பிடித்த பாலின் பழுப்பு.

பழுப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளையின் கதை தெரிந்ததுதான்.
மலையிலிருந்து மந்தை இறங்கியதும் ஆடு அறுப்பார்கள்.
கொப்புளம் கண்ட ஈரலை யாரும் சமைப்பதில்லை,
நாய்க்கு எறிவார்கள்.
நாயின் குடலில் அரிசிமணி நீளத்தில் புழு.
நாயின் ரோமத்தில், ரோமம் தடவிய கையில்,
கை கிள்ளிய ரொட்டியில்
கண்ணுக்குத் தெரியாத முட்டை.
பிஷ்கெக்கில் உட்கார்ந்துகொண்டு
எந்த ஆண்டு, எந்த ரொட்டி என்று
நான் கேட்க முடியுமா?
பத்தாண்டோ பதினைந்தோ,
விலாவெலும்புகளுக்குப் பின்னால்
ஒரு பனிக்குடம்
பிள்ளையில்லாமல் வளர்ந்தது.

போன ஜனவரியில் அது உடைந்தது.
தொழுவத்தில் வைக்கோல் அள்ளிக்கொண்டிருந்தவள்
இருமிக் குனிந்து
வாய் நிறைய உப்புத் தண்ணீர் துப்பினாளாம்.
பிறகு திராட்சைத் தோல்போல ஏதோ.
பிறகு, பல வாரம் கழித்து, ரத்தம்.
"அழுகை வழி தவறி வருதுன்னு நெனச்சேன்"
என்று சொன்னாளாம் டாக்டரிடம்.
அவர் அதைக் கேஸ் ஷீட்டில் எழுதவில்லை.
கேன்டீனில் என்னிடம் சொன்னார்.

அதே வைக்கோல்தான்.
பனியில் நனைந்து மக்கிய அடிக்கட்டு,
உதறினால் பச்சையாய்ப் புகையும்.
அந்தத் தூசி அவள் மூச்சோடு உள்ளே போய்
எட்டிப் பார்த்தது.
சுவர் செத்திருந்தது.
ஈரம் இருந்தது.
யார் நீ என்று கேட்க ஆளில்லை.
குத்தகைக்காரன் செத்த வீட்டில்
உள்குத்தகை தொடங்கிவிட்டது.

மெழுகில் பதித்துச் சீவி
வெள்ளிச் சாயம் ஏற்றுகிறேன்.
பச்சைப் பின்னணியில்
கறுப்பாய் எழுகின்றன இழைகள்.
குறுங்கோணத்தில் ஒரு கிளை, கிளைக்கு ஒரு கிளை,
நடுநடுவே குறுக்குச் சுவர் வைத்துக்கொண்டு
நாணல் கணுக்கள்போல.
ஏடு ஏடாய் அடுக்கிய புழுவின் சவ்வை
பழைய கணக்குப் புத்தகத்தைப் பூச்சி அரிப்பதுபோல
பொறுமையாய் அரித்திருக்கின்றன.
அழகு என்று சொல்லிவிட்டேன், வாய்விட்டு.
பக்கத்து மேசையில் யாருமில்லை, நல்லவேளை.

அறுவை மருத்துவர் தொலைபேசியில்
ஒன்றே ஒன்று கேட்டார்:
தாண்டியிருக்கிறதா?

தாண்டியிருந்தால் மாதக்கணக்கில் இன்னொரு மருந்து,
அதற்கு அவர்கள் குதிரையை விற்க வேண்டும்.
சவ்வோடு நின்றிருந்தால் வெட்டியதோடு சரி,
புழுவுக்கான மாத்திரை மட்டும்.
பதினேழு கண்ணாடித் தகடுகள்.
பன்னிரண்டாவதில் மூச்சு நின்றது எனக்கு.
மடிந்த திசு, வேறொன்றுமில்லை,
என் கத்தியின் பிழை.
பதினேழிலும் அது
உயிருள்ள சதையின் விளிம்புவரை வந்து
நின்றிருக்கிறது.
நல்லவன் என்று பொருளில்லை.
நேரம் போதவில்லை, அவ்வளவுதான்.

மாலையில் வார்டுக்கு ஏறினேன்,
எனக்கு அங்கே வேலையில்லை.
விலாவில் குழாயோடு சாய்ந்திருந்தாள்.
கணவன் எசென்பெக் தொப்பியைக் கசக்கிக்கொண்டு
நாயைச் சுட்டுவிடவா என்றான்.
நர்ஸ்கூடத் திரும்பிப் பார்த்தாள்.

உல்கான் ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு தேடினாள்:
"அதுவா அறுத்துச்சு?
அதுவா எறிஞ்சுச்சு?"

என் அறிக்கை ஐந்து வரி.
அதில் நாய்க்கு இடமில்லை.
அதனால் வாயால் சொன்னேன்:
ஈரலை ஆழக் குழிதோண்டிப் புதையுங்கள்.
நாய்க்கும் மாத்திரை உண்டு,
வால்கொழுப்பில் பொதிந்து கொடுங்கள்,
எடைக்கு ஏற்ற அளவு.
அவன் பஸ் டிக்கெட்டின் பின்புறம் எழுதிக்கொண்டான்.

எடை எவ்வளவு இருக்கும்?

அவன் அவளைப் பார்த்தான்.
அவள் கண்ணை மூடி,
தூக்கிப் பார்ப்பவள்போல
கைகளைப் போர்வைமேல் கொஞ்சம் உயர்த்தி,
சொன்னாள்:
"போன வருஷக் கிடாய் அளவு."