காரணம்

பெண்கள் விடுதிப் பதிவேட்டில் ஆறு கட்டங்கள்.
பெயர், அறை எண், கிளம்பிய நேரம், திரும்பிய நேரம்,
ஐந்தாவது மட்டும் அகலமாய்க் கோடு போட்டது:
காரணம்.
ஆறாவதில் கையெழுத்து.

முதல் பருவம் முழுக்க நான் எழுதியவை:
ஜெராக்ஸ். மாத்திரை. ஜெராக்ஸ். அத்தை வீடு.
காலாப்பட்டில் எனக்கு அத்தை கிடையாது.

ஒருநாள் பரங்கிப்பேட்டை ஷமீனா எழுதினாள்:
கடல்.
வார்டன் சிவப்பு மையில் பக்கத்தில் போட்ட
கேள்விக்குறி
தூண்டில் முள் மாதிரியே வளைந்திருந்தது.

அந்த வாரம் வகுப்பில்
அரசியலமைப்பின் பத்தொன்பதாம் பிரிவு.
நாடெங்கும் தடையின்றி நடமாடும் சுதந்திரம், விளக்குக.
பத்து மதிப்பெண் கேள்வி.
எட்டரை வாங்கினேன்.
வாசல் மூடுவதும் எட்டரைக்குத்தான்.

"உங்க விடுதி நோட்டுல என்ன எழுதுவ?"
இளம்பரிதியிடம் கேட்டேன்.
"எந்த நோட்டு?" என்றான்.
கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரியவில்லை அவனுக்கு.

என் அம்மா கடலூர் முதுநகரில்
விடிகாலை மூன்று மணிக்கு
மீன் ஏலத்துக்குக் கூடையோடு கிளம்புவாள்.
சிப்காட் காற்று தெருவில் அழுகிய முட்டையாய் நாறும்.
ஒருவரும் அவளிடம் காரணம் கேட்டதில்லை.
வேலைக்கென்றால் இருட்டும் பத்திரமாகிவிடுகிறது.
சும்மா நடக்கத்தான் ஆபத்து.

இதை மெஸ்ஸில் சொன்னேன்.
சாம்பார் ஆறும்வரை பேசினோம்.
மனு எழுதினோம்.
நூலகம் பதினொன்று வரை, எங்களுக்கு ஏன் எட்டரை?
இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து.
ஜெனோவா இரண்டு முறை எண்ணினாள்.

வாசலில் அஞ்சலாட்சி
செல்போன் வெளிச்சத்தில் அதை எழுத்துக்கூட்டி வாசித்தாள்.
என்னைவிட ஆறு வயது பெரியவள்.
சேலைமேல் கம்பெனி நீலச் சட்டை.
கவிழ்த்த பெயின்ட் வாளிதான் நாற்காலி.
"பதினோரு மணிக்கு நீங்க வந்தா
கேட்டைத் தொறக்கறது யாரு?
காலை எட்டுக்கு நின்னவ நான்.
ராத்திரி எட்டரைக்கு மேல பஸ்ஸும் கிடையாது.
கக்கூஸுக்குப் போறதுன்னாலும்
மெயின் பில்டிங்குக்குத்தான் ஓடணும்.
இதுல எங்க இருக்கு அது?"
கோபமாகத்தான் கேட்டாள்.
காகிதத்தை மடிக்காமல் திருப்பிக் கொடுத்தாள்.

அன்றிரவு எங்களுக்குள்ளேயே சண்டை.
ரெண்டையும் கலந்தால் ரெண்டும் போகும் என்றாள் ஜெனோவா.
நாம படிக்கிற பாடத்தோட பேரென்ன என்றாள் ஷமீனா.
பேர் சொன்னா பஸ் வருமா என்றாள் இவள்.
நான் நடுவில் உட்கார்ந்து
யாருக்கும் ஆகாத ஒரு சமரச வாக்கியத்தை
நாலு முறை அடித்து எழுதினேன்.
கடைசியில் இரண்டாம் பத்தியாகச் சேர்த்தோம்:
இரண்டு ஷிப்ட், நாற்காலி, கழிப்பறை.
பதினேழு பேர் தங்கள் கையெழுத்தை அடித்துவிட்டுப் போனார்கள்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது.
விடுதி இனி ஒன்பதரை வரை.
இரண்டாம் பத்தி பரிசீலனையில்.
எங்களுக்கு ஒரு மணி நேரம் கிடைத்தது.
அவளுடைய பன்னிரண்டு பதிமூன்று ஆனது.

லட்டு வாங்கலாமா என்று யாரோ கேட்டார்கள்.
யாரும் எழவில்லை.

அடுத்த மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.
அதற்கிடையில்
மாலை ஆறேகாலுக்கு
தினமும் ஒருத்தி முறைவைத்து வாசலில் நிற்கிறோம்,
அஞ்சலாட்சி போய்விட்டு வர.
நேற்று என் முறை.
விசிலைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு
வேகமாக நடந்தாள், ஓடவில்லை.

வாளியில் உட்கார்ந்தேன். விளிம்பு தொடையில் வெட்டியது.
அந்தப் பக்கம் கடல் சத்தம்,
இந்தப் பக்கம் ஈ.சி.ஆர். லாரிகள்.
முதலாண்டுப் பெண் ஒருத்தி செருப்பு சரசரக்க வந்தாள்,
நோட்டைப் பிரித்தாள்,
"அக்கா, காரணம் என்ன போட?"

ஒன்றும் போடாதே என்றேன்.
அவள் சிரித்துக்கொண்டே வாசலைத் தாண்ட
பின்னாலேயே போனது என் குரல்:
"இருட்டறதுக்குள்ள வந்துடு."

சொல்லி முடித்த பிறகுதான்
காதில் விழுந்தது எனக்கு.