கைக்குட்டை சுற்றிய காந்தம்

பெயரிலேயே உப்பிருக்கிற இடம்.
உவர்மலையில் இரும்பு வைத்திருப்பவர்களை
நான் கொஞ்சம் அனுதாபத்தோடுதான் பார்ப்பேன்.

எமில்டா தகரக் கதவைத் தூக்கி நகர்த்தினார்.
உள்ளே படுத்திருந்த புள்ளிமான் ஒன்று
வாயில் காட்போட் மட்டையோடு எழுந்து
என்னை இடிக்காத குறையாக வெளியேறியது.
அது படுத்திருந்த இடத்துக்குப் பின்னால்,
தறப்பாளுக்குக் கீழ்,
எம்.ஜி.ஏ., ஐம்பத்தாறாம் ஆண்டு.
டொக்யார்ட் வெள்ளைக்கார லெப்டினன்ட் ஒருவன்
கப்பலேறுகிற கிழமை
இவருடைய தகப்பனுக்கு விற்றதாம்.
மூவாயிரம் ரூபாய் என்கிறார். ரசீது இல்லை.

"தம்பி, குறைச்சுப் போடுங்கோ."
பையை நான் இன்னும் திறக்கவில்லை.
இருபத்திரண்டு வருடத் தொழிலில்
வரிக்குப் பயந்தவர்களைத் தவிர
ஒருவரும் இதைக் கேட்டதில்லை.
"ஸ்காபரோவில இருக்கிற அன்ரன் பாதி கேக்கிறான்.
அவன்ர பாதியை நான் வாங்கோணும்.
என்னட்டக் கிடக்கிறது பத்து லட்சம்."

காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி
மட்கார்ட்டின் மேல் நடத்தினேன்.
ஒட்டியது, ஒட்டியது,
லைற்றுக்குக் கீழே நழுவி
என் உள்ளங்கையில் விழுந்தது.
அங்கே இரும்பில்லை, பட்டி.
விரல்கணுவால் தட்டினால்
முற்றாத தேங்காயின் சத்தம்.
பொனட்டிலும் ஒட்டவில்லை.
ஆனால் பொனட் அலுமினியம்;
அங்கே ஒட்டாததுதான் நேர்மை.

கதவுக்கடிச் சட்டத்தில் ஸ்க்ரூட்ரைவரை வைத்தேன்.
அழுத்தவில்லை.
அது தானாக உள்ளே போனது.

தரைக்குப் பலகை. இந்தக் காருக்குப் பலகைதான்,
அதில் பிழை சொல்ல மாட்டேன்.
இடப்பக்கப் பலகையில் மட்டும்
தலைகீழாய், மங்கின நீலத்தில்:
சூரை, 40 கிலோ.

எஞ்சின் இலக்கத்தைப் பெற்றோல் துணியால் துடைத்தேன்.
புத்தகத்தில் இருக்கிற இலக்கம் அதுவல்ல.
இது ஒஸ்டின் கேம்பிரிட்ஜின் எஞ்சின்.
ஒரே வீட்டுப் பிள்ளை, முகம் ஒன்று,
மூச்சு கொஞ்சம் குறைவு.
"அப்பா எங்களிட்டச் சொல்லேல்லையே" என்றார்,
மகளிடம் சொல்லியாக வேண்டிய விஷயம்போல.

பொனட்டின் மேல் தாளை வைத்து எழுதினேன்.
சட்டமும் பட்டி பூசிய மட்கார்ட்டுகளும் பதினெட்டு லட்சம்.
கம்பிச் சில்லு ஐந்தும்
இங்கிலாந்திலிருந்து, தீர்வையோடு, பதின்மூன்று.
சரியான எஞ்சின் ஒன்று,
உலகத்தில் எங்காவது அகப்பட்டால், இருபது.
குரோம், தோல், வயரிங், பிரேக்,
கொழும்புக்கு லொறியில் போய்வருகிற கூலி,
எல்லாம் சேர்த்து எழுபத்தெட்டு.
திருத்தி நிறுத்தினால் தொண்ணூறு போகும்.
இரண்டு வருடம் பிடிக்கும்;
அதற்கு என் தாளில் பெட்டி இல்லை.
இன்றைக்கு, இங்கே, இந்தத் துருவோடு:
பதினொன்று.

வாசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச்
சீலைத் தலைப்பில் துடைத்துப்
பிறகும் வாசித்தார்.
"பதினொண்டோ?"
"நீங்கள் குறைக்கச் சொன்னீங்கள். நான் குறைக்கேல்லை."
"அப்பா இதில நிலாவெளிக்கு எண்பது மைலில போனவர்."
"நாற்பதுக்கு மேல போக இந்த எஞ்சின் யோசிச்சிருக்கும்."
சொல்லியிருக்கக் கூடாது.

கொஞ்ச நேரம் கடல்தான் கேட்டது.
கணக்கு நேராக அவர் பக்கம்:
அன்ரனுக்கு ஐந்தரை,
நாலரை மிச்சம்,
கார் முழுதாக அவருக்கு.
பேனையை என் பக்கம் தள்ளினார்.
"இருபது எண்டு போடுங்கோ."

போடவில்லை. பதினொன்றிலேயே கையெழுத்திட்டேன்.
தாளை நாலாய் மடித்தார்.
"அன்ரன் இதைப் பாக்க மாட்டான்.
நான் பத்தையும் அனுப்பப்போறன்.
பதினொண்டுக் காரில
எங்கட அப்பா போகேல்லை."

என் கூலி ஏழாயிரத்து ஐந்நூறு.
அரை மணித்தியாலம் நின்று பேசி
அதை ஐயாயிரமாகக் குறைத்தார்.