வெற்று மாதிரி

கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் ஏறிய கிழமை
நாவிதன்வெளியிலிருந்து வந்த போத்தல்.
இலக்கம் பதினேழு. வயற்கரைக் கிணறு.
உரிமையாளர் சீ. நல்லரெத்தினம்.
கூடவே ஒரு படம்: நீலக் கயிறு, விளிம்பு உடைந்த வாளி,
கட்டில் உலரும் ஒரு பிள்ளையின் சப்பாத்து.

மூன்று தசம் நான்கு என்றது இயந்திரம்.
ஒரு லீற்றரில் அத்தனை மைக்கிரோகிராம் கட்மியம்.
இரண்டரை லொறி நெல்லைக் களத்தில் கொட்டி
மூன்று மணியைத் தேடி எடுத்த மாதிரி.
எல்லை மூன்று.
எட்டு மணிக்கு மின்சாரம் போகும் என்றார்கள்.
அன்று வெற்றை நான் ஓட்டவில்லை.

இதை ஏன் முதலிலேயே எழுதுகிறேன் என்றால்
பிறகு எழுத மனம் வராது.

தொலைபேசியை எடுத்தது மனைவி, அரியமலர்.
குடிக்க வேண்டாம் என்றேன்.
"ஓம்கா" என்றா. வேறொன்றும் கேட்கவில்லை.
பின்னால் ஒரு சேவல் கூவிக்கொண்டிருந்தது.

வெற்று என்பது ஒன்றும் கலவாத நீர்.
மும்முறை வடித்தது. மாதிரி போகும் வழியெல்லாம்
அதுவும் போகும்: அதே அமிலம், அதே குடுவை, அதே கை.
கேட்டால் அது வாய் திறக்கக் கூடாது.
திங்கட்கிழமை கேட்டேன்.
மூன்று தசம் ஒன்று.

அமிலத்தை மாற்றினோம்.
போத்தல்களை இரவிரவாக ஊறவைத்தோம்.
கல்முனைக் கடற்காற்று வரும் யன்னலைச் சாத்திக்
காற்றாடியை நிறுத்தி வேர்த்து நின்றோம்.
மோதிரம் கழற்றினேன்; விரலில் வெள்ளை வளையம்.
றிஸ்லா கைக்குப் பூசும் கிறீமை விட்டாள்.
ஒன்பது நாள்.
வெற்று அசையவில்லை.

பத்தாம் நாள் தேநீர் நேரத்தில்
குழாயியின் நுனியை வெளிச்சத்தில் பிடித்து
றிஸ்லா கேட்டாள்:
"இந்த மஞ்சள் எதால வந்த மஞ்சள்?"

பெட்டி பெட்டியாக வாங்கிவைத்த மலிவான மஞ்சள் நுனிகள்.
ஒவ்வொரு துளியையும் தொட்டுத் தொட்டுக்
கொஞ்சம் கொஞ்சமாய்த் தன்னையே கரைத்து
எனக்குத் தந்திருக்கின்றன.
நல்லரெத்தினத்தின் கிணற்றில் நான் கண்டது
பெரும்பாலும் என் மேசை.

நிறமில்லாத நுனி. புதிய வெற்று. அடங்கியது.
பதினேழாம் போத்தலை மறுபடி, மூன்று தரம்.
அறிக்கையில் ஒரு சொல்: கண்டறியப்படவில்லை.

"அப்ப இல்லையா?"

இல்லை என்று சொல்ல எனக்கு ஏலாது அக்கா,
சைபர் தசம் ஒன்றுக்குக் கீழே என்றால்
என் இயந்திரத்துக்குக் கண் தெரியாது.
இருந்தால் அதற்குள்ளேதான் இருக்கும்.

வயற்காற்று தொலைபேசிக்குள் இரைந்தது.
"கண்டறியப்படவில்லை எண்டு
எங்களிட்ட முன்னமே ஒரு கடிதம் கிடக்கு.
அது மூத்தவனுக்கு.
மறுகா, இப்ப கிணத்துக்குமா?"

அதற்கு என்னிடம் வழு வீதம் இல்லை.

"குடிக்கலாமா? அதச் சொல்லுகா."
குடிக்கலாம் என்றேன்.
பதினெட்டு நாள் அடுத்த வளவுக் கிணற்றில்
இரண்டு கானில் சுமந்திருக்கிறா.
அந்தக் கிணற்றை யாரும் பார்த்ததில்லை.

விடிய பஸ். மடியில் குளிர்ப்பெட்டி.
அடுத்த வளவுக்கு ஒரு போத்தல்.
இன்னொன்றில் ஆய்வுகூடத்து நீர்;
அந்தக் கிணற்றடியில் மூடி திறந்து
அந்தக் காற்றுக்குக் காட்டி
மூடிக் கொண்டுவர.

அரியமலர் பார்த்துக்கொண்டே நின்றா.
"இதுக்குள்ள என்ன?"
"ஒண்டுமில்லக்கா."

"பாத்திட்டாகா சொல்றாய்?"

நான் மூடியை இறுக்கினேன்.
வாளி சுவரில் முட்டி முட்டி
கீழே போய்க்கொண்டிருந்தது.